டேப் ஒட்டாத மடிப்பு

தோள்பட்டை விடியும்போதே பிடித்துக்கொண்டது. சட்டை மாட்ட, இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பாலிஷ் மிஷினின் அதிர்வு வருஷக்கணக்காக எலும்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. மனைவி பொத்தானைப் போட்டுவிட்டபடி சொன்னாள்.

"இன்னைக்கு மிஷினத் தொடாதீங்க. அதான் தம்பி இருக்கான்ல."

அந்த "அதான்" அவருக்குப் பிடிக்கவில்லை.

கார்களைக் கழுவி மெருகேற்றும் பட்டறையில் அவருக்கு டேப்பு என்று பெயர். எந்த வண்டி வந்தாலும் மீட்டரை வைத்து பெயிண்டின் கனம் பார்ப்பார். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே காகித டேப்பை ஒட்டிவிடுவார். மிஷின் பிடிக்கிறவன் யோசிக்கவே வேண்டாம். டேப் இருந்தால் ஒதுங்கு, இல்லாவிட்டால் ஓட்டு. "மாமா ஒட்டினா அது கோர்ட்டு தீர்ப்பு" என்பான் மச்சினன்.

மச்சினன், மனைவியின் தம்பி, அதே பட்டறையில்தான் இருந்தான். கைவேகத்துக்காக எல்லாரும் அவனைப் புயல் என்றார்கள். இத்தனை நாள் வாளியும் பிரஷ்ஷுமாகச் சக்கரம் தேய்த்தவனிடம் முதலாளி அன்று ஒரு சிவப்புக் காரைக் கொடுத்திருந்தார். ஒழுங்காக முடித்தால் மிஷின் வேலை அவனுக்கே. சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சக்கரம் தேய்க்க வேறு ஆள் எடுத்தாகிவிட்டது.

காரைக் கழுவித் துடைத்துக் கொண்டிருக்கும்போது அதன் சொந்தக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, இன்னைக்கு நீங்க மிஷின் எடுக்கலையா?" என்று டேப்புவைக் கேட்டார்.

புயல் முந்திக்கொண்டான். "மாமாவோட கை ரிட்டயர் ஆயிடுச்சு சார். இனிமே சீட்டுக்கு அடியில பிஸ்கட் தூள் பொறுக்குற டிபார்ட்மெண்ட்டுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். டேப்புவும் சிரித்து, "பயலுக்குப் பல்லு முளைச்சிருச்சு சார்" என்றார். சிரித்த வாய் மூடியபிறகும் காது சுட்டது.

புயல் கதவுகளில் ஆரம்பித்தான். நன்றாகத்தான் செய்தான். மிஷின் முனையில் சுழலும் பேடைத் தட்டையாக வைத்து, ஒரே இடத்தில் நிற்காமல், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் பாதி ஏறும்படி இழுத்தான். மெல்லிய கீறல்கள் மறைந்து, கூரையின் டியூப்லைட் கதவில் கோணாமல் தெரிந்தது. இவர் கற்றுக்கொடுத்து வந்ததல்ல, பார்த்தே பிடித்துக்கொண்டது. அதுவும் உறுத்தியது.

டேப்பு பானட்டுக்கு வந்து மீட்டரை வைத்தார். நடுவில் சரியாக இருந்தது. நீளவாக்கில் ஓடும் மடிப்பில் வைத்தபோது எண் பாதியாக விழுந்தது. முன்பு எவனோ அங்கே போட்டுத் தேய்த்திருக்கிறான். கை தானாக டேப் சுருளுக்குப் போனது. நகத்தால் நுனியைக் கிளப்பியும் விட்டார்.

அப்புறம் சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பெயிண்ட் கொஞ்சம் சூடு கண்டால் போதும் என்று நினைத்தார். ஒரு வாடை வரும், நான் ஓடிப்போய் நிறுத்துவேன், ஒரு திட்டு விடுவேன், அவன் வாய் அடங்கும். அவ்வளவுதான் கணக்கு. டீ வாங்கி வாசலில் நின்றார்.

புயல் பானட்டைப் பார்த்தான். டேப் இல்லை. மிஷினைத் தைரியமாக மடிப்பின் மேலேயே ஏற்றினான்.

வெள்ளைக் கம்பளிப் பேடின் ஓரம் சிவந்தது. மேலே இருக்கும் கண்ணாடிப் பூச்சு போய், நிறத்தையே தின்ன ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். டேப்புவுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. "கையை எடுடா" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். வாயில் டீ இருந்தது. அதை விழுங்கினார். நிதானமாக விழுங்கினார்.

அதற்குள் மடிப்பில் விரல் நீளத்துக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறம் பல்லைக் காட்டியது.

முதலாளி ஓடி வந்தார். "என்னடா பண்ணி வச்சிருக்க! அங்க டேப் இல்லையா?"

"இருந்த மாதிரி தெரியல முதலாளி..."

"டேப்பு ஒட்டாம விட்டிருப்பானா? அவன் சோத்துத் தட்டுக்கே டேப் ஒட்டுற ஆளு. புயலு புயலுன்னு கண்ண மூடிக்கிட்டு இழுத்திருப்ப, பேடு அந்த டேப்பைச் சுருட்டிக்கிட்டுப் போயிருக்கும்."

புயல் மாமாவைப் பார்த்தான். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை; காப்பாற்றச் சொல்லித்தான் பார்த்தான். டேப்பு குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்று ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்கு வந்தான். பஸ் டிப்போவில் ராத்திரி ஷிப்ட், பஸ் கழுவும் வேலை கிடைத்திருக்கிறதாம். அக்கா சாப்பாடு போட்டபடி திட்டினாள்.

"உனக்கு எதுலதான்டா பொறுமை இருக்கு? மாமா பேரையும் கெடுத்துட்ட."

"விடுக்கா. மாமாவே ஒண்ணும் சொல்லல, நீ ஏன் குதிக்கிற?" பிறகு தட்டைப் பார்த்தபடி கேட்டான். "மாமா, உண்மையச் சொல்லுங்க. நான் மிஷின எங்க தப்பாப் பிடிச்சேன்? ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன், பிடிபட மாட்டேங்குது."

மனைவி உள்ளே தண்ணீர் எடுக்கப் போனாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடையாது. டேப்பு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கொஞ்சம் அவசரம், மாப்ள" என்றார். "வேற ஒண்ணுமில்ல."

அவன் தலையாட்டினான். "அதான் நானும் நினைச்சேன். இனிமே மிஷின் பக்கமே போகல மாமா. எனக்கு அது வராது."

கை கழுவினான், அக்காவிடம் சொல்லிக்கொண்டான், செருப்பை மாட்டினான். டேப்பு வாசல்வரை போனார். தெருமுனை திரும்பும்வரை அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

"மடிப்பு மெலிசுன்னு தெரிஞ்சும் டேப் ஒட்டாம விட்டது நான்தான், மாப்ள." இந்த ஒரு வார்த்தை அவனுக்குக் கொடுக்க வேண்டியது, இன்னும் பாக்கி.