நெற்றி பொருந்தவில்லை

சரஸ்வதி பூஜை அன்று ஆரியசாலையில் பூதலிங்கத்தின் மிளகாய் மண்டியில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார்கள். தராசு, இரும்புப் பெட்டி, கால்குலேட்டர், கம்ப்யூட்டர், சுவிட்ச் போர்டு. பூதலிங்கமே தட்டில் குங்குமத்தைக் குழைத்துக்கொண்டு சுற்றி வருவார். கண்ணில் பட்ட எதுவும் தப்பாது.

அந்த வருடம் ஸ்கேனர் மேல் ஒரு பாஸ்போர்ட் விரிந்து கிடந்தது. கடைக் கணக்கர் வேதமாணிக்கத்தினுடையது. படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. பூதலிங்கம் வைத்தார்.

வேதமாணிக்கம் சபைக் கமிட்டியில் இருப்பவர். பூஜைக்கு வரமாட்டார். மறுநாள் சுண்டல் மட்டும் வாங்கிக்கொள்வார். குங்குமத் தட்டை யாரும் அவரிடம் நீட்டியதில்லை.

அவருடைய மகள் நீது வெளிநாட்டில் நர்ஸ். பேத்திக்கு அங்கே ஞானஸ்நானம். அந்த நாட்டுக்கு விசா வேண்டாம். ஆன்லைனில் பயண அனுமதி வாங்கினால் போதும். மனைவி சரோஜத்துக்குப் பூஜைக்கு முன்தினம் விண்ணப்பித்தார்கள். அவள் டீ குடித்து முடிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது. அவருடையதை ஸ்கேனரில் வைத்தபோது கரண்ட் போயிற்று. பாஸ்போர்ட் அங்கேயே இருந்துவிட்டது.

பூஜை முடிந்து கடை திறந்ததும் கம்ப்யூட்டர் பார்க்கும் மலையாளிப் பையன் ஜெயகுமார் அதை ஸ்கேன் செய்து அனுப்பினான். பொட்டைப் பார்த்தான். கடையில் பொட்டில்லாத பொருளே இல்லை. கண்ணை உறுத்தவில்லை.

முகத்தை நேரடியாகப் படம் எடுக்கச் சொல்லிச் செய்தி வந்தது. வேதமாணிக்கம் மொபைல் முன்னால் நின்றார்.

நெற்றி பொருந்தவில்லை, என்றது.

பாஸ்போர்ட்டைத் துடைத்தார்கள். அனுப்பிய படத்தைத் துடைக்க வழியில்லை. ரத்து செய்தால் அடுத்த மாதம்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஞானஸ்நானம் இந்த மாதம்.

உதவிப் பகுதியில் ஜெயகுமார் எழுதினான். பதில் உடனே வந்தது.

‘நெற்றி அடையாளத்தை மறைக்கிறீர்களா?’

“கிறிஸ்தவன்னு எழுது” என்றார் வேதமாணிக்கம்.

‘உங்கள் மதம் இந்த விண்ணப்பத்துக்குத் தேவையில்லை. நெற்றி தேவை.’

பூதலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஓய் வேதமாணிக்கம், நான் வேணும்னு வைக்கலை வே. திறந்து கெடந்துது. வச்சேன்.”

“முதலாளி, ஸ்விட்சுக்கு வச்சீங்க. நான் ஒண்ணும் சொன்னேனா?”

“சாரே, ஒரு பொட்டல்லே” என்றான் ஜெயகுமார். “வச்சிட்டு தொடச்சு மாய்ச்சா தீர்ந்தில்லே?”

“உனக்குத் தீரும்டே. எனக்கு ஞாயிற்றுக்கிழமைன்னு ஒண்ணு இருக்கு.”

சரோஜம் கடைக்கு வந்தாள். அவள் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். விஷயத்தைக் கேட்டாள். கண்ணை மூடி ஜெபித்தாள். திறந்ததும் மேஜையைப் பார்த்தாள்.

“குங்குமம் வேண்டாம். ஸ்டாம்பு மை செவப்புதானே? அதை வைங்க.”

வைத்தார்கள்.

நிறம் பொருந்தவில்லை.

“இது நம்ம சபையவிட கண்டிஷனால்லா இருக்கு” என்றாள் சரோஜம்.

“நீ தனியாப் போயிட்டு வா.”

“தனியாப் போயி? தாத்தா எங்கேன்னு கேட்டா, நெத்தியில தகராறுன்னு சொல்லட்டா?”

வேதமாணிக்கம் கதவைச் சாத்தச் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார். பூதலிங்கம் குங்குமத்தில் விரலைத் தோய்த்தார்.

“தேங்கா ஒடைக்கட்டா?”

“முதலாளி!”

“இல்ல, மொத தடவையாச்சேன்னு கேட்டேன்.”

இன்னும் சற்று இடது, என்றது மொபைல். துடைத்து வைத்தார். இன்னும் சற்று மேலே. துடைத்து வைத்தார். விளிம்பு அதிக நேர்த்தியாக உள்ளது. பூதலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பூஜை அன்று போலவே போகிற போக்கில் ஒன்று வைத்தார்.

அனுமதி வழங்கப்பட்டது. கீழே ஒரு வரி: பயணம் முடியும்வரை முகத்தோற்றத்தை மாற்ற வேண்டாம்.

புறப்படும் நாள் பூதலிங்கம் அதிகாலையில் அவர்கள் வீட்டுக்கு வந்து வைத்துவிட்டுப் போனார். வேதமாணிக்கம் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார். கார் சர்ச்சைக் கடக்கும்போது இன்னும் குனிந்தார்.

விமான நிலையத்தில் வியர்த்தது. பொட்டு மூக்கில் இறங்கிற்று. பயணப்பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் இருந்த கருவி அனுமதிப் படத்தைத்தான் பார்த்தது. நெற்றி பொருந்தவில்லை.

“சாரே, பொட்டில்லாண்டு பற்றில்ல” என்றாள் கவுண்டரில் இருந்த ஷாலு. அவள் கழுத்தில் சிலுவை இருந்தது. “சிஸ்டம் சம்மதிக்கில்ல.”

பின்னால் வரிசை நீண்டது. வேதமாணிக்கம் ஒதுங்கி நின்றார். பெட்டியைத் தள்ளுவண்டியிலிருந்து இறக்கினார்.

“நீ போ. நீதுட்ட சொல்லு.”

சரோஜம் அவரைப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பினாள்.

“யார்ட்டயாவது குங்குமம் இருக்கா?”

சங்கக் கூட்டத்தில் பேசும் குரல். வரிசை மொத்தமும் கேட்டது. புதுக் கல்யாணம் ஆன பெண் ஒருத்தி சிமிழை நீட்டினாள்.

சரோஜம் யாருக்கும் பொட்டு வைத்ததில்லை. தண்ணீர் பாட்டில் மூடியில் குழைத்தாள். கணவனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். பொட்டு கோணலாக விழுந்தது.

கருவி பச்சை விளக்குக் காட்டியது.

“சிமிழை வச்சுக்கோங்க ஆன்ட்டி” என்றாள் அந்தப் பெண். “இறங்குற இடத்துலயும் வேணும்லா?”

சரோஜம் வாங்கிக்கொண்டாள். எங்கே வைப்பது என்று ஒரு கணம் யோசித்தாள். கைப்பையில் வேதாகமம் இருந்த அறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

“சரோஜம், ஞானஸ்நானத்துக்கும் இதோடத்தான் நிக்கணுமா?”

“போதகர்ட்ட நான் பேசிக்கிடுதேன்” என்றாள். “நீங்க நெத்தியத் தொடாம வாங்க.”