பதினான்காம் பக்கத்து ஆறு விரல்

ஒரு மனிதனுக்குக் கைக்கு ஐந்து விரல். இதைக்கூடவா ஒருவன் எழுதித் தெரிவிக்க வேண்டும்? எழுதினேன். 2006 ஜூலை மாதத் 'தீப்பந்தம் காமிக்ஸ்' பதினான்காம் பக்கத்தில், கத்தியை ஓங்கி நிற்கும் முகமூடிக்காரனுக்கு வலது கையில் ஆறு விரல். மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன்.

எண்ணுவதுதான் என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் தரப் பரிசோதகன். அலமாரியில் மாஸ்டர் சாம்பிள் என்று ஒன்றைப் பூட்டி வைத்திருப்போம். வருகிற சரக்கை அதோடு ஒப்பிட வேண்டும். பொருந்தினால் பச்சைச் சீட்டு, மயிரிழை மாறினாலும் சிவப்புச் சீட்டு. இந்தப் புத்தியை ஆரம்பாக்கத்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவதாக என் மனைவி சத்யா புலம்புவாள். ஒரு தடவை ரசத்தில் சிவப்புச் சீட்டை மிதக்கவிட்டேன். அன்று எனக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை.

காமிக்ஸுக்கும் என்னிடம் ஒரு மாஸ்டர் உண்டு. பத்து வயதில் வாங்கிய பழைய தீப்பந்தம் இதழ், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்து ஓவியம் ஓவியம்! ஒரு கோடு வீண் கிடையாது. இப்போது? கம்ப்யூட்டரில் கலரைக் கொட்டுகிறார்கள். ஆள் எது, நிழல் எது என்றே தெரிவதில்லை. மாதம் தவறாமல் குறைப் பட்டியல் எழுதி, மேலே ஒரு சிவப்புச் சீட்டையும் ஒட்டி அனுப்புவேன். ஆசிரியர் ராஜமாணிக்கம் அதை வாசகர் கடிதத்தில் போடுவார். ரயிலில்கூட நாலு பேர், "ஆரம்பாக்கம் மதிவாணன் நீங்கதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆறு விரல் கடிதத்தின் கடைசி வரியில் கொஞ்சம் காரம் கூடிவிட்டது. 'கலர் அடித்தவர் உடனே கண் பரிசோதனை செய்துகொள்ளவும்.' அதையும் அப்படியே அச்சில் போட்டுவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து ராஜமாணிக்கமே போன் செய்தார்.

"மதிவாணன் சார், உங்க லெட்டரைப் போட்டது என் தப்பு. கடைசிப் பன்னெண்டு பக்கம் பென்சில்ல முடிஞ்சு கெடக்கு. கலர் போட மாட்டேன்னுட்டாங்க. ஏற்கெனவே லேட்டாகி இந்த மாச புக்கையே கதை இல்லாமத்தான் விட்டிருக்கேன். இந்த வாரத்துக்குள்ள வரலன்னா தொடரை நிறுத்திட வேண்டியதுதான்."

நிறுத்துங்கள், நல்லதுதான் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் தொடரின் நாயகன் நினைவுக்கு வந்துவிட்டான். கேப்டன் செங்கோடன் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டிருக்கிறான். மேலே கத்தி, கீழே பாறை. அவன் எப்படித் தப்பினான், அந்த முகமூடிக்காரன் யார் என்று தெரியாமல் நான் எப்படி இருப்பது?

"ஓவியர் சர்ஃபராஸ் உங்க பக்கம்தான் சார், பழவேற்காடு. கெடுத்தது நீங்க, நீங்களே போய்ச் சரி பண்ணுங்க" என்று அட்ரஸைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சத்யாவிடம் சொன்னேன். கைகொட்டிச் சிரித்தாள். "தூக்கத்துலகூட செங்கோடா, செங்கோடான்னு பொலம்பிக்கினு கீறீங்க. போங்க, போய் அவங்க கால்ல உழுங்க."

ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்கு ரயில், அங்கிருந்து பஸ். என் மாஸ்டர் இதழையும் பையில் எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் எதற்கு அதை எடுத்துப் போனான் என்று கேட்காதீர்கள். புத்தி அப்படி.

கதவைத் திறந்தவர் சர்ஃபராஸ்தான், முப்பது வயது மதிக்கத்தக்க ஒல்லி மனிதர். என் பேரைச் சொன்னேன். முகம் தொங்கிவிட்டது. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஹாஜிரா! ஆறு வெரலு வந்துகீறாரு!"

அந்த வீட்டில் அதுதான் என் பேர் போலிருக்கிறது. முந்தானையில் கையைத் துடைத்தபடி அவர் மனைவி வந்தாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணிக்கச் சொன்னது நீங்கதானே சார்? பண்ணிக்கினேன். பொன்னேரி போய் பண்ணிக்கினேன். ரெண்டு கண்ணும் நல்லா கீதுன்னு டாக்டரு எழுதிக் குடுத்தாரு. எடுத்தாந்து காட்டவா?"

கலர் போடுவது இந்தப் பெண்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

"அது வெரலே இல்ல சார், கத்திப்பிடி" என்றாள். "அன்னிக்கு நாலு தபா கரண்டு போச்சு. ஒவ்வொரு தபாவும் மொதல்லேர்ந்து போட்டேன். கடைசி தபா பிடிக்கும் கை கலரே உழுந்துடுச்சு. தப்புதான், நான் இல்லேங்கல. ஆனா தெருவுல எல்லாம் அத்தப் படிச்சுட்டு, இன்னா ஹாஜிரா, கண்ணு தெரியுதான்னு கேக்குறாங்க. எவ்ளோ பேஜாரு தெரியுமா?"

"அவ போடாம நான் குடுக்க மாட்டேன் சார்" என்றார் சர்ஃபராஸ்.

அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். என் நாக்கில் சனி. "தப்பா எழுதிட்டேம்மா. ஆனாலும் ஒண்ணு சொல்றேன், அந்தக் காலத்து ஓவியத்துல இப்படியெல்லாம் வராது" என்று பையிலிருந்து மாஸ்டரை உருவினேன்.

சர்ஃபராஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹாஜிரா புத்தகத்தை வாங்கி, உறையைப் பிரித்து, சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். டாக்டர் நல்லது என்று சொன்ன அந்த இரண்டு கண்ணும் கட்டம் கட்டமாக இறங்கின.

"சார், இங்க வாங்க. ஆறாம் பக்கத்துல இவரு கடிகாரம் எந்தக் கையில?"

"இடது."

"ஏழாம் பக்கத்துல?"

குனிந்து பார்த்தேன். வலது.

"அத்த உடுங்க, பத்தாம் பக்கத்துல இந்தக் குதிரைக்கு எத்தினி காலு?"

எண்ணினேன். திரும்ப எண்ணினேன். இரண்டு குதிரைகள் சேர்ந்து ஓடுகின்றன, மொத்தம் ஏழு கால். முப்பது வருடம்! எத்தனை நூறு தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்! ஒரு தடவைகூட அந்தக் கால்களை நான் எண்ணியதில்லை. பத்து வயதில் குதிரை ஓடியது, பின்னாலேயே நானும் ஓடினேன், அவ்வளவுதான். எண்ண ஆரம்பித்தது சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

"ஒரு வார்த்த கேக்கட்டா?" என்றாள். "நீங்க எழுதுன லெட்டரெல்லாம் எங்கிட்ட கீது. பச்ச சீட்டுன்னு ஒண்ணு உங்க கம்பெனில உண்டாமே. அத்த எங்களுக்கு ஒரு தபாவாச்சும் ஒட்டினீங்களா?"

வெட்கமாகப் போய்விட்டது. ஒட்டியதே இல்லை. ஒவ்வொரு மாதமும் இதழ் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்து முடிப்பேன். அதை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து சிவப்புச் சீட்டு இருக்கும். ஒன்றை எடுத்தேன். 'பக்கம் 7: கடிகாரம் கை மாறியது. பக்கம் 10: கால் ஒன்று குறைவு. நிராகரிக்கப்பட்டது. பரிசோதகர்: ஹாஜிரா' என்று எழுதினேன். சர்ஃபராஸின் மேஜையிலிருந்த பசையைத் தொட்டு, என் மாஸ்டர் இதழின் அட்டையிலேயே ஒட்டினேன். ஒட்டும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்தது.

ஹாஜிரா அதைப் படித்தாள். முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஐயய்யே, இன்னாண்ணா இது! நல்ல புக்கப் போய்!"

சார் போய் அண்ணன் ஆகிவிட்டேன். எறா தொக்கும் சோறும் வந்தது. நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த அறையில் கம்ப்யூட்டர் உயிர் பெறும் சத்தம் கேட்டது.

"முகமூடிக்காரன் யாரு பாய்? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"புக்கு வரட்டும்" என்றார் சர்ஃபராஸ். கிளம்பும்போது என் முகத்தையே உற்றுப் பார்த்தார். "கொஞ்சம் சைடுல திரும்புங்க" என்றார். எதற்கு என்று புரியாமலே திரும்பி நின்றேன்.

செப்டம்பர் இதழ் வந்தது. வழக்கம்போல நின்றபடியே படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் செங்கோடன் முகமூடியைப் பிடுங்குகிறான். உள்ளே கலங்கரை விளக்கத்தின் காவலாளி. என் மூக்குக்கண்ணாடி, என் மீசை, சட்டைப்பையில் என் சிவப்புச் சீட்டு. செங்கோடன் சொல்கிறான்: 'கத்தியை ஓங்கியபோதே உன்னைத் தெரிந்துகொண்டேன். இந்த ஊரில் ஆறு விரல் உனக்கு ஒருவனுக்குத்தான்!'

அட என்று கத்திவிட்டேன். சத்யா ஓடிவந்து பார்த்தாள். "ஏங்க, இது நீங்கதான்! அதே மூஞ்சி! வில்லனாக்கி வச்சிருக்காங்க!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. என்றாலும் பழக்கம் விடுமா? காவலாளியின் கை விரல்களை எண்ணினேன். பிறகு கம்பெனியிலிருந்து கேட்டு வாங்கி வந்திருந்த பச்சைச் சீட்டை எடுத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினேன்.

'பக்கம் 9. விரல்கள் ஆறு. ஆறும் சரியாக உள்ளன.'