முத்தலிப்பின் வலது கை

“கை என்டதா, மெசின்டதா? வரல்ல எண்டு நான் சொல்றன். வந்திட்டு எண்டு அது சொல்லுது. நீ ஆரை நம்புறாய், றுக்கியா?”

“மெசினைத்தான். அது என்னோட முப்பது வருசம் குடித்தனம் நடத்திப் பொய் சொல்லல்லியே!”

முத்தலிப்பும் பெண்சாதியும் வீட்டு முன்விறாந்தையில் போட்ட சத்தத்தில், எதிரே கிண்ணியாத் துறையடியில் படகுக்குக் காத்து நின்றவர்கள் கதையைப் பாதியில் விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். சோதனைச் சாவடிச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. அவனும் திரும்பிப் பார்த்தான்.

முத்தலிப்புக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது போன நோன்புக்கு முந்தி. கால் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டது, கை திரும்பவில்லை. மகள் ஸல்ஹாவுக்கும் தோப்பூர் அன்ஸார் மாஸ்டருக்கும் நாள் குறித்திருந்த நேரம் அது. நிக்காஹில் பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும். “பொறுப்பை எனக்குத் தாங்க, நான் பிடிக்கிறன்” என்றார் பள்ளிவாசல் லெப்பை. முத்தலிப் கண் கலங்கினார்.

“ஒரே மகள். என்ட கையாலதான் குடுப்பன். கை வரட்டும்.”

ஊர் ஒரு மாதம் உருகியது. பிறகு யோசிக்கத் தொடங்கியது.

இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்கு, பெற்றவர்கள் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்கு. அந்தச் சின்ன வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வளவு மதில். முன்வீட்டுச் சாய்கதிரையில் இருந்தாலோ துறையடி முழுவதும் காலடியில். படகில் யார் இறங்குகிறார், யாரோடு இறங்குகிறார், பையில் என்ன துருத்துகிறது, எல்லாம் முத்தலிப்புக்குத் தெரிந்த பிறகுதான் அவரவர் வீட்டுக்குத் தெரியும். அந்தக் கதிரையை விட்டு எழும்ப அவருக்கு மனமில்லை. இது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். ஆகவே ஊரில் ஒரு நாற்பது பேருக்குத்தான் தெரியும்.

உண்மையில் கை ஐந்தாம் மாதமே வந்துவிட்டது. ஆளில்லாத நேரம் குசினிக்குள் போய்த் தேசிக்காய் ஒன்றைப் பிழிந்து பார்த்தார். சாறு வந்தது. அதைக் குடித்துவிட்டுக் கையை மறுபடி தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஸல்ஹா சும்மா இருக்கவில்லை. திருகோணமலை நகரத்தில் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்று பாரிசவாதக்காரருக்கென்று ஒரு மெசின் இறக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டு வாப்பாவைக் கூட்டிப்போனாள். கையுறை மாதிரி ஒன்றுக்குள் கையை விட்டால் மோட்டார் விரல்களை மடக்கி விரிக்கும்.

“நானா, இது புத்தியுள்ள மெசின்,” என்றார் அங்கே பயிற்சி கொடுக்கும் ஞானசேகரம். “நீங்கள் பலம் குடுக்கக் குடுக்க அது விட்டுத் தரும். நீங்கள் சும்மா இருந்தால் எல்லாத்தையும் தானே செய்யும். நாளுக்கு நாள் உங்களைப் படிச்சுக்கொண்டு வரும்.”

சும்மா இருந்தால் தானே செய்யும் என்ற இடத்தோடு முத்தலிப் கேட்பதை நிறுத்திவிட்டார். மூன்று கிழமை படகேறிப் போய், கையை ஒப்படைத்துவிட்டு நித்திரை கொண்டார். மெசின் ஒவ்வொரு நாளும் பூச்சியம் போட்டது. திரும்பி வரும் படகில் ஸல்ஹா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். முத்தலிப் கடலைப் பார்த்தார்.

நாலாம் கிழமை, இந்த ஆளுக்குச் சலித்துவிட்டது என்று மெசின் தானாக முடிவெடுத்துத் திரையில் மீன் விட்டது. கையை மூடினால் மீன் அகப்படும். முத்தலிப் முப்பது வருடம் கடலில் கிடந்தவர். இப்போதோ கடலுக்குப் போக நேவிக்காரனின் பாஸ் வேண்டும், பொழுதுபட முன் கரைக்கு வர வேண்டும். பெரிய மீனைக் கண்டு இரண்டு வருடம். இங்கே பாஸ் கேட்க ஒருவரும் இல்லை. முதலில் சின்னச் சூடை ஒன்று வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பாரை ஒன்று, கொழுத்தது, மூக்கு முன்னால் வந்து நின்றது. வாலை ஒரு வெட்டு வெட்டித் திரும்பப் பார்த்தது.

“விடாத! அமத்து!”

யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. விரல்கள் மூடின, மோட்டார் முனகிவிட்டு விலகிக்கொண்டது. அன்றைக்குப் பதினேழு மீன். மெசின் கக்கிய கடுதாசியில் கையின் பலம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. ஸல்ஹா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். துறையடியில் இறங்கும்போது, “பாரை நல்ல பெரிசு, வாப்பா” என்றாள்.

கடுதாசி றுக்கியாவின் கைக்கு வந்தது. அதிலிருந்துதான் இந்தச் சத்தம்.

“மீனைப் பிடிச்சது மெசின்!”

“குசினியில தேசிக்காய் குறைஞ்சதும் மெசினாலயா?”

முத்தலிப் வலது கையை மடிக்குள் ஒளித்தார்.

“வாப்பா,” என்றாள் ஸல்ஹா மெதுவாக, “கதிரையைப் பின்வளவுக்கு எடுத்திட்டுப் போங்களன். நாங்க வேணாம் எண்டமா?”

“கதிரையை எடுக்கலாம். துறையடியை எடுக்க ஏலுமா?”

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. துறையடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். றுக்கியா எழும்பி, நாள் குறிக்க லெப்பையிடம் ஆள் அனுப்பினாள்.

அடுத்த வெள்ளி நிக்காஹ். முத்தலிப் தன் கையாலேயே கொடுத்தார். அவர் பிடித்த பிடியில் அன்ஸார் மாஸ்டர் சம்மதமாகக் ‘கபூல்’ சொல்ல முந்தி வலியில் ‘உம்மா’ என்றது முன்வரிசைக்குக் கேட்டது.

நாட்டில் சண்டை கூடியதும் நிறுவனம் மெசினைக் கட்டிக்கொண்டு போனது. ஞானசேகரம் சாம்பல்தீவில் பெண் எடுத்து, அவளோடு கனடா போனார். எட்டு மாதத்தில் அன்ஸாருக்குப் புத்தளத்துக்கு மாற்றம் வந்தது. ஸல்ஹாவும் கூடப் போனாள். முன்வீடு பூட்டு. திறப்பு றுக்கியாவின் இடுப்பில். “வீடு மகள்ட” என்று அவள் வெள்ளிக்கிழமை கூட்டுவதற்கு மட்டும் திறப்பாள். இப்போதெல்லாம் தும்புத்தடியை முத்தலிப்தான் வாங்கிக்கொள்கிறார், வலது கையால். துறையடிப் பக்கத்து ஜன்னலடியைக் கூட்டி முடிக்க அவருக்கு ஜும்ஆத் தொழுகை நேரம் ஆகிவிடுகிறது.