எந்தப் பக்கம் திருப்பினாலும் இரைச்சல்

துறைமுகத்து வயர்லெஸ் அறையில் அவள் ஆன்டெனாவைத் திருப்பும் கைப்பிடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கூரைமேல் கம்பிகளை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சனியன், எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்துக் குரலைத்தான் நன்றாக வாங்கும். நடுக்கடலில் அண்ணனின் படகு இன்ஜின் நின்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவன் கத்துவது இரைச்சலுக்கு அடியில் முனகலாகக் கேட்டதே தவிர, திசை பிடிபடவில்லை.

ஜன்னலுக்குக் கீழே மீட்புப் படகுக்காரர் கத்தினார். "எந்தப் பக்கம்னு சொல்லும்மா! கடல் என்ன குளமா, ஒரு சுத்து பாத்துட்டு வர்றதுக்கு?"

"சொல்றேன், கொஞ்சம் பொறுங்க!"

பொறுமை அவளுக்கே இல்லை. அண்ணி வேறு எழுந்தாள், உட்கார்ந்தாள், மேசைமேல் கிடந்த தன் போனைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடி எழுந்தாள். அண்ணன் கூப்பிட்டால் எடுக்க வேண்டுமாம். அவ்வளவு தூரத்தில் போன் வேலை செய்யாது என்று அவளிடம் யார் சொல்வது?

"அண்ணி, ஒரு இடத்துல உக்காருங்களேன். எனக்குத் தலை சுத்துது."

கிழக்கே திருப்பினாள். வடக்கே, மேற்கே, முழுச் சுற்று. இரைச்சல் கூடவுமில்லை, குறையவுமில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறைதான் காரணமென்றால், அந்தப் பக்கம் எகிறி மறுபக்கம் அடங்கியிருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்றால், ஒன்று வானம் மொத்தமும் இரைய வேண்டும். இல்லாவிட்டால் அது ஆன்டெனா வழியாக வரவேயில்லை. இந்த அறைக்குள்ளேதான் இருக்கிறது.

மேசைக்கடியில் குனிந்தாள். வயர்லெஸ் பெட்டிக்கு மின்சாரம் எடுக்கும் அதே பலகையில் ஒரு மட்டமான சார்ஜர். அதன் ஒயர் அண்ணியின் போனுக்கு ஏறியது.

பிடுங்கினாள். இரைச்சல் பொத்தென்று விழுந்தது. கைப்பிடியை மெல்லத் திருப்ப, தென்கிழக்கில் அண்ணனின் குரல் ஓங்கியது. தாண்டினால் மங்கியது, திரும்பி வந்தால் மறுபடி ஓங்கியது.

"தென்கிழக்கு! நேரா போங்க!"

அதற்குப் பிறகும் இருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பெட்டிக்குள்ளிருந்து மீட்புப் படகுக்காரர் சிரித்தார். "ஆளை ஏத்தியாச்சும்மா. நனைஞ்ச கோழியாட்டம் உக்காந்திருக்கான்."

அண்ணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அவர் கத்துனதைக் கேக்கவிடாம பண்ணுச்சே, எந்தப் பாழாப்போனது அது?"

பிடுங்கிய சார்ஜரை அவள் கைக்குள் இறுக்கி மூடினாள். பாவம், இதை எப்படிச் சொல்வது?

"மேகம், அண்ணி. மேகம் வந்தா இப்படித்தான்."

அண்ணி ஜன்னலுக்குப் போய், ஒரு பொட்டு மேகமில்லாத வானத்தை வாயாரத் திட்டித் தீர்த்தாள்.