கம்பிக்கும் குதிகாலுக்கும் நடுவில்

நடுவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவளால்தான் உட்கார முடியவில்லை. எழுந்து உயரம் தாண்டும் தூணருகே போய், கம்பி சரியாக இருக்கிறதா என்று ஏற்கெனவே பார்த்ததையே பார்த்துவிட்டு வந்தாள். ஒரு கையில் வெள்ளைக் கொடி, மறு கையில் சிவப்பு. தாண்டினால் வெள்ளை, தட்டிவிட்டால் சிவப்பு. கம்பி இப்போது நின்ற உயரம் அவளுடைய பழைய சாதனையைவிட ஒரு விரற்கடை அதிகம்.

"உன் சாதனையை முறியடிக்க உன்னையே கொடி பிடிக்கக் கூப்பிட்டாங்களா? நல்லா இருக்கு போ," என்று காலையில் கணவர் சிரித்தார். அவள் தோளுயரம்தான் இருப்பார். "இவ ஒசரத்துக்கு வர்ற மாப்பிள்ளை ஏணியோடதான் வரணும்" என்று அம்மா புலம்பிய காலத்தில் ஏணி இல்லாமலே வந்தவர். பள்ளியில் அவளுக்குக் கொக்கு என்று பெயர். கேட்டைத் திறக்கச் சோம்பல்பட்டுத் தாண்டிக் குதித்தவளை விளையாட்டு டீச்சர் காதைப் பிடித்து மைதானத்துக்கு இழுத்துப்போனார். அப்புறம் பதக்கங்கள், வெளிநாட்டுப் பயணங்கள், அவற்றால் கிடைத்த ரயில்வே டிக்கெட் கவுண்டர் வேலை, கடைசியில் முழங்கால் காயம். கவுண்டரில் உட்கார்ந்தாலும் அவள் கால் மேசைக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். "மேடம், கொஞ்சம் காலை நிறுத்துங்க, என் டீ சிந்துது" என்பார் பக்கத்து கிளார்க்.

உயரம் தாண்டுவது வினோதமான விளையாட்டு. மூன்று முறை தவறும்வரை கம்பியை ஏற்றிக்கொண்டே போகலாம். அதனால் ஜெயித்தவளும் பெரும்பாலும் கம்பியைத் தட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள். போகும்முன் ஓட்டம் தொடங்குமிடத்தில் அடையாளத்துக்கு ஒட்டிய டேப்பை உரித்தெடுப்பாள். டேப் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அவள் கடைசியாக உரித்த டேப் செருப்படியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது.

மற்றவர்களெல்லாம் வெளியேறியிருந்தார்கள். மிச்சம், பல்லுக்கு கிளிப் போட்ட இந்த ஒரு பெண். "அக்கா, உங்க வீடியோ பார்த்துதான் முதுகை வளைக்கவே கத்துக்கிட்டேன்" என்று காலையில் வந்து சொன்னாளே, அவளேதான். இரண்டு முறை தட்டிவிட்டாள். இது மூன்றாவது. விழட்டும், விழட்டும் என்று இவள் மனசு அடித்துக்கொண்டது. அசிங்கம் என்று தெரிந்தும் அடித்துக்கொண்டது. இவளுக்கென்று இருந்ததில் இன்னும் கீழே இறங்காமல் நின்றது அந்தச் சாதனை ஒன்றுதான்.

பெண் ஓடிவந்தாள், வளைந்தாள், எழும்பினாள். இடுப்பு தாண்டியது. கம்பிக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. பெண் மெத்தையில் விழுந்தாள். கம்பி அசையவில்லை. வெள்ளைக் கொடி அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. அதற்குள் ஓரத்து மரங்களை உலுக்கிக்கொண்டு காற்று வந்தது. கம்பி நழுவி விழுந்தது.

கூட்டம் "அய்யோ" என்றது. பெண் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தாண்டி முடித்த பிறகு காற்று தள்ளினால் அது தவறில்லை, விதி அப்படித்தான். ஆனால் காற்றுக்கு முன்னால் கம்பி நின்றதைப் பார்த்தது இவள் ஒருத்தி. அளவுகோலோடு வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்ற இன்னொரு நடுவர், "அவ்வளவுதான் மேடம், சிவப்பைத் தூக்குங்க. வெயில் மண்டையைப் பொளக்குது" என்றார்.

சிவப்புக் கொடி பிடித்த கை தானாக இடுப்புவரை எழுந்தது. யாரும் கேட்கப்போவதில்லை. அந்தப் பெண்கூடக் கேட்கவில்லை. மெத்தையைவிட்டு இறங்கி, மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்துபோய், தன் அடையாளத்தருகே குந்தினாள். டேப்பின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். சர்ரென்று ஒரு சின்னச் சத்தம்.

"ஏய்! டேப்பை உரிக்காதடி!"

மைதானமே திரும்பியது. பாதி உரிந்த டேப் விரலில் ஒட்டியிருக்க, பெண் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தாள். இவள் சிவப்பைக் கீழே போட்டுவிட்டு வெள்ளையைத் தூக்கினாள், எவ்வளவு உயரம் எட்டுமோ அவ்வளவு உயரம், குதிகால்கள் தரையைவிட்டு எழும்ப.