கைமாறும் தீவு

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு இராசேஸ்வரி நின்றுகொண்டிருந்தபோது, கணவர் அசோக் கைப்பேசியை நீட்டினார். இந்தியப் பெருங்கடலில் ஒரு தீவுக்கூட்டத்தை பிரிட்டன் வேறொரு நாட்டுக்கு விட்டுக்கொடுக்கிறதாம். முன்பு அங்கிருந்து விரட்டப்பட்டவர்களின் பிள்ளைகள் திரையில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல நியூஸ்தான்லா. உன் தம்பிக்கும் ஒரு வழி பொறக்கும்," என்றார் அசோக்.

அவள் செய்தியை மறுபடி மேலேயிருந்து படித்தாள். தம்பி உமாசுதன் அந்தத் தீவுகளில் ஒன்றில்தான் இருந்தான். ஊரில் விசாரணைக்குப் பயந்து கனடா போகப் படகேறியவன். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோக, ஒரு பிரிட்டிஷ் கப்பல் கரைசேர்த்தது. அன்றிலிருந்து வேலிக்குள், கூடாரத்தில் வாழ்க்கை.

மீனை வாங்கிக்கொண்டு பஃபலோ ரோட்டில் நடக்கும்போது அவனே அழைத்தான்.

"அக்கா, தீவைக் குடுக்க முந்தி எங்களை இங்கயிருந்து எடுக்கோணுமாம். வாறவை எங்களைப் பொறுப்பெடுக்க மாட்டினமாம்."

"எங்க அனுப்பப் போகினம்?"

"சொல்லீனமில்லை. சம்மதம் எண்டு கையெழுத்து வச்சால் பிளேன் வருமாம்."

"வைக்காத, தம்பி. லோயரிட்டக் கேட்டுச் சொல்லுறன்."

தீவில் இருப்பவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. "அரசாங்கங்கள் பேசிக்கொண்டிருக்கின்றன, பொறுங்கள்" என்றார்.

மறுநாள் செங்காங்கிலுள்ள அடுக்குமாடி வீட்டில் இராசேஸ்வரி துணி காயப்போடும்போது ஊரில், பருத்தித்துறையிலிருந்து அம்மா போனில் பேசினாள். குரல் மிகவும் தணிந்திருந்தது.

"பிள்ளை, ரெண்டு பேர் வந்தவை. தம்பி எண்டைக்கு வாறான் எண்டு கேட்டவை."

"ஆர் அம்மா?"

"சொல்லேல்லை. அவன்ர அறையைத் திறந்து பாத்திட்டுப் போட்டினம்."

அவன் ஊருக்கு வருகிறான் என்று அவனுக்கே யாரும் சொல்லியிருக்கவில்லை. ஈரத்துணியைப் போட்டுவிட்டுத் தீவுக்கு அடித்தாள். வெகுநேரம் கழித்தே எடுத்தான்.

"கையெழுத்து வைக்காத! கேக்குதோ?"

"வச்சிட்டன் அக்கா. எல்லாரும் வச்சவை. இந்தக் கூடாரத்தில இனி ஏலாது."

அதன்பின் அந்த எண் ஒலிக்கவேயில்லை.

வாரக் கடைசியில் அவர்களை ஏற்றிவந்த விமானம் கொழும்பில் இறங்கியது. கூட வந்த மற்ற இளைஞர்கள் பையோடு வெளியே வந்தார்கள். உமாசுதன் வரவில்லை. விமான நிலையத்துக்குள்ளேயே யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூட்டிப்போனதாக ஒருவன் பருத்தித்துறைக்குப் போன் செய்து அம்மாவிடம் சொன்னான்.

"நீ ஊருக்குப் போகாத, ராசி. உன்னையும் விசாரிப்பாங்க," என்றார் அசோக், அறை வாசலை மறித்து நின்றபடி.

அவள் அவரை விலக்கிக்கொண்டு கடவுச்சீட்டை எடுத்தாள். போனில் அம்மாவிடம் சொன்னாள்:

"கதவைப் பூட்டிக்கொண்டு இருங்கோ. நான் வாறன்."