தகரத்துக்கு மேலே வெள்ளை

ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் முதன்முதலாகத் தகரக் கூரை போட்டவன் என் பங்காளி தீர்த்தகிரி. எண்பத்திமூன்றாம் வருஷம். அவன் அடித்த பெருமை தாங்க முடியவில்லை. சித்திரை வந்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. உச்சிவேளையில் அந்த வீட்டுக்குள் ஆள் நிற்க முடியாது.

பிரசவத்துக்குச் சந்தவாசல் போயிருந்த அவன் மனைவி ராணியம்மாள் பிடிவாதக்காரி. "வெள்ளிக்கிழம அம்மாவோட வர்றேன். அந்தச் சூளையில பகல்ல புள்ள தூங்கினா இருப்பேன். இல்லன்னா மூணு மணி பஸ்ல திரும்பிடுவேன்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். குழந்தையை அவன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தான். பாவம், ஏங்கிப்போய்க் கிடந்தான்.

போளூரில் ஒரு குடோன் கூரைக்கு வெள்ளை அடித்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்தான்.

"உள்ள ஜில்லுனு இருக்குதுண்ணா. வெள்ளையில பட்ட வெயிலு வந்த வழியே போய்டுது. தகரம் தன் சூட்டயும் வானத்துக்கே வுட்டுடுது."

"காக்கா பாக்கறதுக்காடா வெள்ளை அடிக்கிற?" என்று சிரித்தேன்.

புதன்கிழமை சுண்ணாம்பில் இரண்டு படி உப்பைக் கரைத்து அடித்தான். உப்புப் போட்டால் நன்றாகப் பிடிக்குமாம். எங்கள் வீடுகள் சரிவை ஒட்டியவை. பின்கூரை மேட்டைத் தொடும். மறுநாள் காலை பதினாறு ஆடுகள் கூரைமேல் நின்று உப்பை நக்கிக்கொண்டிருந்தன. பாதி வெள்ளை போயே போய்விட்டது. தீர்த்தகிரி அழுதேவிட்டான். யாருடைய ஆடுகள் என்று கேட்காதீர்கள். என்னுடையவைதான்.

வெட்கத்தில் நானே கூரை ஏறினேன். "உப்பப் போட்டா ஆடு இன்னா பண்ணும்?" என்று திட்டிக்கொண்டே என் மனைவி வெள்ளையம்மாள் புளியங்கொட்டைக் கூழ் காய்ச்சிக் கொடுத்தாள். உப்புக்குப் பதில் அந்தப் பசையைச் சுண்ணாம்பில் கலந்து இரண்டு பூச்சு அடித்தோம். மேட்டோரம் முள் அடைத்தோம்.

வெள்ளி மதியம் ராணியம்மாள் வந்தாள். அவள் அம்மா ஜெயம்மாள் அக்குளில் இடுக்கிய குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. பாயில் போட்ட குழந்தை வீறிட்டது. தீர்த்தகிரிக்கு முகமே செத்துவிட்டது. பால் கொடுத்துப் போட்டதும் தூங்கியது.

"பால் குடிச்ச மயக்கம். முழிச்சிக்கும் பாரு" என்று சொல்லி, பக்கத்திலேயே படுத்தாள் ஜெயம்மாள்.

மூன்று மணி பஸ் ஹாரன் அடித்தது. குழந்தை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. ஹாரனுக்கும் மேலே கேட்டது ஜெயம்மாளின் குறட்டை. நியாயஸ்தன் தீர்த்தகிரி, பஸ் போய்விடுமே என்று மாமியாரை எழுப்பப் போனான். ராணியம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழுப்பாதீங்க. எழுப்பினா என்னக் கூட்டிக்கினு கௌம்பிடும்."